தலையில் கோடு போட்ட எக்ஸ்

எக்ஸ் என்ற எழுத்தின் தலைமேல் ஒரு சின்னக் கோடு போடுவதற்காக ஜெனிபர் ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து கிடந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பெற்ற தாயே நம்பவில்லை. "ஏண்டி, கோடு போடறதுக்கு அந்தக் கம்பெனில ஒரு ஸ்கேலு கூடவா இல்ல?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பித்தளை வால்வு செய்கிற கம்பெனி அது. வால்வின் நடுவே போகும் துளையை அளந்து, ஒவ்வொரு லேத் மெஷினுக்கும் ஒரு படம் வரைந்து, அந்தந்த மெஷின் பக்கத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். தரப்பிரிவின் வேலை அது. ஜெனிபர் வருவதற்கு முன்னால் அந்தப் படங்களில் சராசரியைக் குறிக்கும் தலைக்கோட்டு எக்ஸுக்குப் பதிலாக 'எக்ஸ் பார்' என்று எழுத்துக் கூட்டி எழுதி வைத்திருந்தார்கள். சிதறலைக் குறிக்கும் சிக்மா என்ற கிரேக்க எழுத்துக்கும் அதே கதி. வால்வு வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்த ஆள் அதைப் பார்த்து, "இன்னா சார், ஸ்கூல் பசங்க சார்ட்டு மாதிரி இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். தர மேலாளர் சரவணகுமாருக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. புள்ளியியல் படித்த பெண் ஒருத்தியை வேலைக்கு வைத்ததே அந்த முள்ளை எடுக்கத்தான்.

அந்த வேலை காலியாக இருக்கிறது என்று ஜெனிபரின் அப்பா இம்மானுவேலிடம் வீட்டுக்கு வந்து சொன்னவர் சடையப்பன். எதிர் வீட்டுக்காரர். அதே கம்பெனியில் ஆறாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவர், ஆனால் கான்டிராக்ட் ஆள். ஜெனிபர் நடக்கப் பழகியதே அவர் வீட்டு வாசலில்தான் என்பார்கள். அவருக்கு அவள் பாப்பா, அவளுக்கு அவர் மாமா, அவர் மனைவி ஈஸ்வரி அத்தை. அந்த வீட்டுக்குள் போனால் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஜெனிபர் பேச்சையே தொடங்குவாள். வேலைக்குச் சேர்ந்த அன்று சடையப்பன் ஒரு சட்டம் போட்டார். "கேட்டுக்கு உள்ள நீ மேடம். கேட்டுக்கு வெளிய பாப்பா. கலந்துக்கக் கூடாது, இன்னா?" என்றார். அந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

ஜெனிபர், 'ஆர்' என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட மென்பொருளைக் கையில் எடுத்தாள். அதில் படம் வரைவது சுலபம். படத்தின் மேல் கணக்குக் குறிகளை எழுதுவதுதான் தலைவலி. அதற்கென்று தனியாக ஒரு விதிமுறை இருக்கிறது. சதுர அடைப்புக்குள் போட்டால் எழுத்து காலடிக்கு இறங்கும். தொப்பிக்குறி போட்டால் தோளில் ஏறும். சிக்மா என்று ஆங்கிலத்தில் அடித்தால் கிரேக்க எழுத்தாக மாறிக்கொள்ளும். பார் என்று அடித்து அடைப்புக்குள் எக்ஸைப் போட்டால் தலையில் கோடு விழும். ஒரு சமக்குறி வேண்டுமென்றால் இரண்டு போட வேண்டும். கஞ்சத்தனமாக ஒன்று போட்டால் பிழை என்று முரண்டு பிடிக்கும். இதையெல்லாம் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு முதல் படத்தை அச்சடித்தபோது, சரவணகுமார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது படம்! டெக்ஸ்ட் புக்குல வர மாதிரி இருக்குதும்மா" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சிக்மா மேடம் என்று பெயர் விழுந்தது. கேன்டீனில் டோக்கன் கொடுக்கிறவர் கூட அப்படித்தான் கூப்பிட்டார். புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? ஜெனிபருக்கும் கசக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. மெஷின் எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்று சொல்ல சிபிகே என்று ஒரு எண் உண்டு. 1.33-க்கு மேலே இருந்தால் நல்ல ஓட்டம். ஒன்றுக்குக் கீழே போனால் துளையின் அளவு எப்போது வேண்டுமானாலும் தப்பும். இந்த எண் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் வர வேண்டும். ஆனால் குறி எழுதும் அந்த இடத்துக்குள் மென்பொருள் கணக்குப் போடாது. அங்கே எதை எழுதினாலும் அதற்கு வெறும் எழுத்துதான். கணக்கிட்ட மதிப்புக்கு ஒரு பெயர் வைத்து அந்தப் பெயரை அங்கே எழுதினால், மதிப்பைக் காட்டாமல் பெயரையே திருப்பி எழுதிக் காட்டும். மதிப்பை எடுத்துக் குறிக்குள் செருகுவதற்கு வேறொரு கட்டளை இருக்கிறது. ஜெனிபர் அதைத் தேடிப் பிடித்தாள், ஒருமுறை போட்டுப் பார்த்தாள், வரவில்லை. மறுநாள் தணிக்கை. இப்போதைக்குக் கையாலேயே எண்ணை அடித்துவிடுவோம், அப்புறம் நிதானமாகச் சரி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மெஷினுக்கு எழுதிய வரிகளை அப்படியே நகலெடுத்து அடுத்த மெஷினுக்கு மாற்றிக்கொண்டே போனாள். மெஷின் எண்ணை மாற்றினாள், அளவுகளை மாற்றினாள், மூலையில் சிபிகேயை மாற்றினாள். ஐந்தாம் மெஷின் பழைய கிழம், பேரிங் தேய்ந்து போனது, அதற்கு 0.74. ஆறாம் மெஷினுக்கு வந்தபோது எல்லாவற்றையும் மாற்றியவள் மூலையில் இருந்த எண்ணை மட்டும் மாற்றாமல் விட்டாள். எக்ஸின் தலைக்கோடு சற்று வலப்பக்கம் தள்ளியிருப்பது போலத் தோன்றியதால் அதிலேயே கண்ணாக இருந்தாள்.

தணிக்கைக்கு வந்தவர்கள் படங்களின் அழகைப் பாராட்டினார்கள். பிறகு 0.74 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாம் மெஷின் கிழடு, அதை ரிப்பேருக்கு அனுப்பப் போகிறோம் என்றதும் ஒப்புக்கொண்டார்கள். ஆறாம் மெஷின் புதுசு. மெஷின் மேல் குறை இல்லை என்றால் குறை யார் மேல்? ஓட்டுகிற ஆள் மேல்தான். சரவணகுமார் அங்கேயே முடிவெடுத்தார். சடையப்பனை லோடிங் பக்கம் அனுப்பிவிட்டு, அன்புசெல்வன் என்ற புது ஆளை ஆறாம் மெஷினில் நிறுத்தினார். அந்த மாதம் கான்டிராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரம் செய்வதாக இருந்தது. முதல் பெயராகச் சடையப்பன் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜெனிபருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மாமாவுக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று வீட்டில் சொன்னாள். அப்படிச் சொன்ன வாயை நினைத்துப் பின்னால் எத்தனையோ முறை கூசினாள்.

ஆடி பிறந்த வாரம், சாயங்காலம் சடையப்பன் அவள் வீட்டுக்கு வந்தார். கையில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம்.

"பாப்பா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். கோச்சிக்காத."

"இன்னா மாமா, கேளுங்க."

"அந்தப் படத்துல நான் எங்க கோட்ட வுட்டேன்னு காமிக்கிறியா? யோசிச்சி யோசிச்சி ஒரே பேஜாராப் போச்சி. அளந்து அளந்துதான் போட்டேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா திருத்திக்குவேன்."

ஜெனிபர் மடிக்கணினியைத் திறந்து ஐந்தாம் மெஷின் படத்தையும் ஆறாம் மெஷின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் புள்ளிகள் ஒரே மாதிரி ஏறி இறங்கின. மென்பொருள் அப்படித்தான், புள்ளிகள் சிதறினாலும் சரி, நெருங்கி நின்றாலும் சரி, தாளை நிறைக்கிற மாதிரி அளவுகோலை நீட்டிக் குறுக்கிக்கொள்ளும். வித்தியாசம் ஓரத்து எண்களில்தான் தெரியும். அவற்றை விளக்கலாம் என்று ஓரத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்தாம் மெஷினின் சிதறலில் பாதிகூட ஆறாம் மெஷினில் இல்லை. பிறகு எப்படி இரண்டு மூலையிலும் ஒரே எண்?

ஒரு வரி அடித்துக் கணக்கிட்டாள். 1.61 என்று வந்தது. கம்பெனியிலேயே அவ்வளவு நல்ல எண் வேறு எந்த மெஷினுக்கும் இல்லை.

காது மடல் இரண்டும் சுட்டன. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். உங்கள் கையில் குற்றமில்லை மாமா, என் கையில்தான் என்று இரண்டு சொல். சிக்மா மேடம் என்ற பெயர் ஒரு கணம் குறுக்கே வந்து நின்றது. தன் வேலை இன்னும் உறுதியாகவில்லை என்பதும் கூடவே நின்றது.

"இன்னா பாப்பா, ரொம்ப மோசமா கீதா?"

"இல்ல மாமா. முழு டேட்டா ஆபீஸ் சிஸ்டத்துல இருக்குது. பாத்துட்டுச் சொல்றேன்" என்று மடிக்கணினியை மூடினாள். டேட்டா முழுவதும் அவள் மூடிய கணினிக்குள்தான் இருந்தது.

சடையப்பன் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். "நீ வந்து மொத ஆடிட்டு. உனக்குத் தெரிஞ்சவன் மெஷினே இப்டி ஆயிட்ச்சி. உன் பேரக் கெடுத்துட்டேன் பாப்பா. மனசுல வெச்சிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். வேர்க்கடலையை இம்மானுவேல் சாப்பிட்டார். ஜெனிபருக்கு ஒன்றைக்கூட உரிக்கக் கை வரவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவே ஒரு தெருதான். கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படுகிறவர்கள் உடனே உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தால் அது நம் தவறு. வெட்கம் முதலில் தேடுவது ஒளிந்துகொள்ள ஒரு மூலையைத்தான்.

ஜெனிபரும் ஒரு மூலையைக் கண்டுபிடித்தாள். முன்பு வராத அந்தக் கட்டளையை உட்கார்ந்து கற்றாள். அரைமணி வேலை, அவ்வளவுதான். இனி எண் தானாகவே வந்து குறிக்குள் உட்காரும். ஆறாம் மெஷினின் பழைய அளவுகளையே போட்டு, 1.61 என்று சரியான எண்ணோடு படத்தை அச்சடித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பலகையில் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். யாராவது பார்ப்பார்கள், அட, சடையப்பன் நன்றாகத்தானே ஓட்டியிருக்கிறார் என்பார்கள், அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள், தான் வாய் திறக்காமலே எல்லாம் நேராகிவிடும். இது அவள் போட்ட கணக்கு.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. சிக்மாவுக்கும் எக்ஸுக்கும் அத்தனை அலங்காரம் செய்தவள், படத்தின் தலைப்பில் எந்த மாதத்து அளவு என்று போடவே இல்லை. காலைக் கூட்டத்துக்கு வந்த சரவணகுமார் பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒன் பாயின்ட் சிக்ஸ் ஒன்! எல்லாரும் இங்க பாருங்கப்பா. ஆள மாத்தினோம், ஒரே மாசத்துல நம்பர் எங்க போயிடுச்சு பாத்தீங்களா? இதான் கரெக்டிவ் ஆக்‌ஷன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். அன்புசெல்வன் என்ன ஏது என்று தெரியாமல் தலை குனிந்து சிரித்தான். சரவணகுமார் படத்தைக் கைபேசியில் பிடித்து அங்கிருந்தபடியே தணிக்கைக்காரர்களுக்கு அனுப்பினார். "வெல் டன் சிக்மா மேடம்" என்று அவளைப் பார்த்து ஒரு கைதட்டல் தனியாகத் தட்டினார். லோடிங் ஆட்களோடு பின்வரிசையில் நின்ற சடையப்பனும் தட்டினார். அவர் கை தட்டுவதை ஜெனிபர் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தானும் தட்டினாள்.

முதல் தடவை தவறு செய்தபோது அவளுக்குத் தெரியாது. இந்தத் தடவை எல்லாம் தெரிந்தே நின்றாள். இருந்த ஒரே சான்றையும் அவளே எடுத்து அவருக்கு எதிராக ஒட்டியிருந்தாள். அன்று மதியம் கேன்டீனில் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்ததைக் கொட்டிவிட்டுக் கை கழுவினாள்.

அதற்கப்புறம் தெருவில் அவள் தலை தெரிவதே அரிதாயிற்று. எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை, பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஈஸ்வரியிடம் மாட்டிக்கொண்டாள். ஈஸ்வரி கை நிறைய வேப்பிலைக் கொத்து வைத்திருந்தாள்.

"இன்னா பாப்பா, ஊட்டுப் பக்கமே வரமாட்ற? அத்த மேல கோவமா?"

"வேல அத்த. அதான்."

"வர ஞாயித்துக்கெழம பெரியபாளையம் போறோம். ஆத்தாளுக்கு வேப்பஞ்சேல கட்டிக்கினு கோயில சுத்தி வரதா வேண்டிக்கினுகிறேன். உங்க மாமாவுக்காகத்தான்." ஈஸ்வரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ படிச்சவ. படத்தப் பாத்தா உனக்குத் தெரியும். அவருக்குக் கோளாறு கண்ணுலயா, கையிலயா? கண்ணுன்னா கண்ண குடுன்னு கேப்பேன். கையின்னா கைய கேப்பேன். ஆத்தாகிட்ட மாத்திக் கேட்டுடக் கூடாது பாரு."

ஜெனிபர் பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டாள். அவள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, வேப்பிலையைப் பார்த்தாள்.

"விசாரிச்சிச் சொல்றேன் அத்த" என்றாள்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விசாரித்துச் சொல்கிறாளாம்! யாரை விசாரிப்பது? அந்த அம்மா உடம்பெல்லாம் வேப்பிலை கட்டிக்கொண்டு, வெயிலில் வெறுங்காலோடு, இல்லாத ஒரு நோயைத் தீர்க்கச் சொல்லிக் கோயிலைச் சுற்றப் போகிறாள். அந்த நோயின் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று அந்த நோயைத் தந்தவளிடமே வந்து நிற்கிறாள். ஜெனிபருக்குத் தன்னை நினைத்தால் அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலைக் கூட்டம். சரவணகுமார் வழக்கம்போல உற்பத்திக் கணக்கைச் சொல்லி முடித்துவிட்டு, "வேற எதாவது?" என்றார். வழக்கமாக யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஜெனிபர் ஆறாம் மெஷினின் பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்தப் படம் இந்த மாசத்தோடது இல்ல. போன மாசம் சடையப்பன் ஓட்டினது. அன்பு ஓட்டினது இன்னும் வரையவே இல்ல. ஆடிட்டுல காமிச்ச படமும் இதே டேட்டாதான். அதுல மூலைல இருந்த நம்பர நான்தான் கையால அடிச்சேன். அஞ்சாம் மெஷின் நம்பர மாத்தாம விட்டுட்டேன். அவர் ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணது நான்."

சரவணகுமாரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"இது எப்ப தெரியும் உனக்கு?"

ஒரு பொய் சொல்லி இன்னும் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நேற்றுத்தான் தெரிந்தது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? பின்வரிசையில் சடையப்பன் நின்றிருந்தார்.

"ஆடி மொத வாரமே தெரியும் சார்."

சரவணகுமார் கத்தினார். அந்தக் கத்தலை இங்கே எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் கத்தியிருப்பார்கள். தணிக்கைக்காரர்களுக்குத் திருத்தம் எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது, கூடவே ஒரு மெமோ. திங்கள்கிழமையிலிருந்து ஆறாம் மெஷினுக்குச் சடையப்பன் என்று முடிவாயிற்று. நிரந்தரப் பட்டியல் ஏற்கெனவே மேலே போய்விட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் சடையப்பன் அவளுக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அன்னிக்கு ஊட்ல லேப்டாப்ப மூடனியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும் மாமா."

"பலகையாண்ட நாங்கல்லாம் கை தட்டச்சொல்ல?"

"தெரியும்."

சடையப்பன் தலையை ஆட்டினார். "செரி" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஜெனிபர் தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். இரவெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். வாசலில் வேப்பிலைக் கட்டுகள் மூட்டையாக இருந்தன. கோளாறு எதுவும் இல்லையென்று ஆன பிறகும் வேண்டினது வேண்டினதுதான் என்று ஈஸ்வரி கிளம்பிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து புளிச்சோற்று வாசனை வந்தது. பழக்கத்தில் ஜெனிபரின் கால் அந்தப் பக்கம் திரும்பியது.

சடையப்பன் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் குரலில் கோபமோ குத்தலோ துளிகூட இல்லை.

"வாங்க மேடம்" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஈஸ்வரி, மேடம் வந்துகிறாங்க பாரு. சேர் எத்தாந்து போடு."

ஈஸ்வரி பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் ஒருமுறை துடைத்துப் போட்டாள். ஜெனிபர் அதில் உட்கார்ந்தாள்.